பத்து வயதில் ஒரு முத்திரை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்த மறுநாள், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையும் அதே வகுப்புக்குத்தான் வருகிறது. அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

ஹெந்தளையில் பாடசாலை நாள் இருட்டோடு தொடங்கிவிடுகிறது. வத்தளைப் பக்கத்தில் தமிழ்மொழிமூல வகுப்புகள் போதாது என்ற குறை நெடுங்காலமாகவே இருக்கிறது. அதனால் பிள்ளைகள் வானிலும் பஸ்ஸிலுமாக மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் போகிறார்கள். சிலருக்குப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரைக்கும் பயணம். பின்னேரம் வந்து முகம் கழுவியதும் டியூஷன். தரம் 4, தரம் 5 படிக்கிற பிள்ளை இருக்கும் வீடென்றால் சனி, ஞாயிறும் பேப்பர் கிளாஸில் போய்விடும்.

இந்த ஓட்டமெல்லாம் ஒரேயொரு நாளுக்காக. பெறுபேறு வந்த அன்று வீட்டில் தொலைபேசி ஓயாது. மாமா, பெரியம்மா, மேல் வீட்டு ஆன்ட்டி, எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை புள்ளி?" வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் டியூஷன் வகுப்பின் பெனரில் ஏறும். தாண்டாத பிள்ளை அறையை விட்டு வெளியே வராது. "அவன் கெட்டிக்காரன்" என்றும் "இவளுக்குப் படிப்பு ஏறுவது கஷ்டம்" என்றும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் அடுத்த மாதம் அதை மறந்துவிடலாம், பிள்ளை மறப்பதில்லை. தரம் 8இல் அட்சரகணிதம் படிக்கும்போது "எனக்குக் கணக்கு வராது சேர்" என்று சொல்லும் பிள்ளை, அன்று கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறது.

பத்து வயதில் குத்திய முத்திரையை வகுப்பறையால் கழற்ற முடியுமா? முடியும். ஆனால் அறிவுரையாலோ சுவரில் ஒட்டும் வாசகங்களாலோ அது நடக்காது. புள்ளி போடும் விதமும், பிழை திருத்தும் விதமும், பாராட்டும் விதமும் மாறினால் நடக்கும்.

கதவைத் திறக்க வந்த பரீட்சை

புலமைப்பரிசிலின் தொடக்கம் நல்ல நோக்கத்தில்தான் இருந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, பணமுள்ளவரின் பிள்ளைக்கே நல்ல பாடசாலை என்றிருந்த நிலையை மாற்றப் போராடினார். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறையானது. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஈடாக மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்து ஏழைப் பிள்ளைகள் அங்கே சேர்ந்து படிக்க உதவியது புலமைப்பரிசில்.

இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார். தாண்டுவோரில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கிடைக்கிறது. பெயர்பெற்ற பாடசாலைகளில் தரம் 6க்கு இடமும் கிடைக்கிறது.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் வேறுபடுகிறது. கொடுப்பதற்கு எத்தனை புலமைப்பரிசில்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். இருப்பதைப் பங்கிடுவதற்காகப் போட்ட கோடு அது. ஒரு பிள்ளையின் அறிவு எங்கே முடிகிறது என்று அந்தக் கோடு அளப்பதில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் இரு பிள்ளைகளுக்கிடையே அறிவில் சொல்லக்கூடிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நாம் அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தைக் கெட்டிக்காரர் என்றும் மறுபக்கத்தை மற்றவர் என்றும் பிரித்துவிடுகிறோம்.

நுண்ணறிவு கூடுமா, கூடாதா?

புலமைப்பரிசிலின் முதலாம் வினாத்தாளைப் பெற்றோர் 'நுண்ணறிவு' என்பார்கள். வடிவக் கோலங்கள், எண் தொடர்கள், பொருந்தாததைக் கண்டுபிடித்தல் போன்றவை அதில் வரும். இரண்டு வருடம் நாம் பிள்ளைகளை நுண்ணறிவு வகுப்புக்கு அனுப்புகிறோம். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம். தொடக்கத்தில் 40 எடுத்த பிள்ளை ஒரு வருடத்தில் 70 எடுப்பதைக் கண்ணால் காண்கிறோம். பயிற்சியால் நுண்ணறிவு கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் பெறுபேறு வந்ததும் அதே நுண்ணறிவைப் பிறப்பிலேயே அளந்து கொடுத்த ஒன்றாகப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியவரே இப்படிப் பேசியதில்லை. பிரெஞ்சு உளவியலாளர் அல்பிரட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905இல் தமது சோதனையை வெளியிட்டார். பாரிஸ் பாடசாலைகளில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களை 1909இல் எழுதிய நூலில் அவர் கடுமையாக எதிர்த்தார். கவனத்தையும் ஞாபகத்தையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்று சொன்னதோடு நில்லாமல், அதற்கான பயிற்சிகளையும் வகுத்துக் கொடுத்தார்.

இந்தக் கேள்வியை நம் காலத்தில் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக். திறமை பிறப்போடு வருவது, மாறாது என்ற நம்பிக்கையை 'நிலைத்த மனப்பாங்கு' என்றும், முயற்சியாலும் நல்ல வழிமுறையாலும் பிறர் உதவியாலும் திறமை கூடும் என்ற நம்பிக்கையை 'வளர்ச்சி மனப்பாங்கு' என்றும் அவர் பிரித்தார். 2006இல் வந்த அவருடைய 'மைன்ட்செட்' என்ற நூல் இதை உலகெங்கும் ஆசிரியர்களிடம் கொண்டுபோனது.

அதற்கு முன்பே, 1998இல், கிளாடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நம் பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். கொடுத்ததும் நம் நுண்ணறிவு வினாக்களை ஒத்த வடிவப் புதிர்களைத்தான். முதற்சுற்று முடிந்ததும் ஒரு பகுதியினரிடம் "நீ கெட்டிக்காரன், அதனால் செய்தாய்" என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் "நன்றாகப் பாடுபட்டுச் செய்திருக்கிறாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வசனம் மட்டுமே.

அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சுலபமானதைக் கேட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் புதிதாக எதையாவது கற்றுத்தரும் கடினமான புதிரைக் கேட்டார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான சுற்று ஒன்று வந்தது. அதில் தடுமாறியபின் மீண்டும் முதற்சுற்றின் அளவிலான புதிர்களைக் கொடுத்தபோது, முதற்பகுதியினரின் புள்ளி இறங்கியது, இரண்டாம் பகுதியினரின் புள்ளி ஏறியது. கடைசியில், முகம் தெரியாத வேறொரு பாடசாலைப் பிள்ளைக்குத் தம் புள்ளியை எழுதி அனுப்பச் சொன்னார்கள். கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் பொய்ப் புள்ளி எழுதினார்கள்.

கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பயம், கடினமான பாடத்தின் பக்கமே போகவிடாமல் பிள்ளையைத் தடுக்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பெரிய கல்லூரியில் தரம் 6க்குப் போய், அங்கே தன்னைப் போல இன்னும் நாற்பது பேரைக் கண்டதும் ஒடுங்கிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முத்திரை தோற்ற பிள்ளையை மட்டுமல்ல, வென்ற பிள்ளையையும் கட்டிப்போடுகிறது.

வாசகம் ஒட்டினால் போதுமா?

டுவெக்கின் கருத்து பரவியபோது அதைச் சிலர் மந்திரமாக்கினார்கள். "உன்னால் முடியும்" என்று சுவரில் எழுதினார்கள், காலைக்கூட்டத்தில் சொல்ல வைத்தார்கள். பெரிய அளவிலான ஆய்வுகள் வந்தபின் உண்மை நிலை தெளிவானது. இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டு மாணவரிடையே நடத்தி 2019இல் முடிவு வெளியான பெரிய பரீட்சார்த்தத்தில் கூடுதல் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் டேவிட் யேகரும் டுவெக் உள்ளிட்ட குழுவினரும் நடத்திய ஆய்வு அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான பயிற்சி, புள்ளி குறைந்த மாணவரின் தரத்தைச் சிறிதளவு உயர்த்தியிருந்தது. நான்கு புள்ளி அளவுகோலில் அந்த உயர்வு 0.1 மட்டுமே.

யேகரின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அதே பயிற்சியைப் பெற்ற மாணவரில், யாருடைய கணித ஆசிரியர் தாமே வளர்ச்சி மனப்பாங்கு உடையவராக இருந்தாரோ அவர்களுடைய புள்ளிதான் உயர்ந்தது. ஆசிரியருக்கு நம்பிக்கை இல்லாத வகுப்பில் அந்தப் பயிற்சியால் பயன் விளையவில்லை.

டுவெக்கும் 2015இலேயே எச்சரித்திருந்தார். பிள்ளைக்கு விளங்கவில்லை என்று தெரிந்தும் "முயற்சி செய்தாயே, அது போதும்" என்று முதுகில் தட்டி அனுப்புவது வளர்ச்சி மனப்பாங்கு ஆகாது. அது கைவிடுதலின் இனிய வடிவம். பிள்ளை எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்த்து, அடுத்த வழியைக் காட்டுவதே ஆசிரியரின் வேலை.

முயற்சியின் பெருமையை நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரத்தையே திருக்குறள் ஒதுக்கியிருக்கிறது. நமக்குக் குறை கருத்தில் இல்லை. அந்த அதிகாரத்துக் குறள்களை மனப்பாடம் செய்ய வைக்கும் அதே பாடவேளையில், பிள்ளையின் இரண்டாவது முயற்சிக்கு நாம் ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

ஒரு பின்னக் கணக்கு

தரம் 6, 7 கணிதக் கொப்பிகளில் அடிக்கடி காணும் பிழை ஒன்று. 1/2 + 1/3 = 2/5. பிள்ளை மேலே உள்ளதையும் கூட்டுகிறது, கீழே உள்ளதையும் கூட்டுகிறது. வழக்கமாக இதற்குக் கிடைப்பது சிவப்புப் பேனாவால் ஒரு பிழை அடையாளம், பக்கத்தில் சரியான விடை. பிள்ளை அந்த விடையைப் பார்த்தெழுதும். அடுத்த தவணையில் அதே பிழையை மறுபடியும் விடும்.

இதையே வேறு விதமாக அணுகலாம்.

"இந்த அஞ்சு எப்படி வந்தது மகள்?"

"ரெண்டையும் மூன்றையும் கூட்டினேன் டீச்சர்."

"சரி. ஒரு பாண் இருக்கு. நீ அரைவாசி எடுத்திட்டாய். அதோட மூன்றில ஒரு பங்கும் தாறன். இப்ப உன்னிட்ட அரைவாசியைவிடக் கூட இருக்குமா, குறைய இருக்குமா?"

"கூட டீச்சர்."

"அப்ப அஞ்சில ரெண்டு, அரைவாசியைவிடக் கூடவா?"

பிள்ளை கொப்பியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு ஐந்தாகப் பிரித்து, இரண்டை நிழற்றிப் பார்க்கிறது. "இல்ல டீச்சர், குறைய. அப்ப விடை பிழை."

"பிழையென்று நீயே கண்டுபிடிச்சிட்டாய். ரெண்டு பங்கையும் ஒரே அளவுத் துண்டாக வெட்ட வேணும் என்றால் பாணை எத்தனையாக வெட்டலாம்?"

"ஆறாக."

ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. இதற்குப் பிடித்த நேரம் இரண்டு நிமிடம். இந்த உரையாடலில் கெட்டிக்காரி என்ற பாராட்டு இல்லை, "உன்னால் முடியும்" என்ற ஊக்கமும் இல்லை. ஆனால் தான் விட்ட பிழையைத் தானே கண்டுபிடித்து அதிலிருந்து வெளியே வந்த அனுபவம் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. வளர்ச்சி மனப்பாங்கு பிள்ளையின் மனதில் ஊன்றுவது இப்படிப்பட்ட சிறு அனுபவங்கள் பல சேர்ந்துதான்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரோடும் இப்படி இருந்து பேச முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அது நியாயமான பேச்சு. ஆனால் இந்தப் பிழையை விட்டவர் ஒருவராக இருக்க மாட்டார். பெயர் சொல்லாமல் அதைக் கரும்பலகையில் எழுதி, "இப்படிச் செய்தவர் எப்படி யோசித்திருப்பார்?" என்று வகுப்பைக் கேட்டால், அந்த இரண்டு நிமிடம் நாற்பது பேருக்கும் போய்ச் சேரும்.

நாளைக்கே தொடங்கக்கூடியவை

விடைத்தாளை முதலில் புள்ளியில்லாமல் கொடுங்கள். இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குக் குறிப்பு மட்டும் கொடுத்தார், சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. புள்ளியைக் கண்ட கண் குறிப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே இன்று குறிப்பு, நாளை திருத்தம், அதன்பின் புள்ளி.

திருத்தத்துக்கும் மதிப்புக் கொடுங்கள். இரண்டாவது முறை சரியாகச் செய்த கணக்குக்கு, முழுப் புள்ளி இல்லாவிட்டாலும் ஒரு பங்காவது கிடைக்கட்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அதற்கு இடமுண்டு.

எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். "வெரி குட்" என்பதைவிட, "போன கிழமை பந்தி பிரிக்காமல் எழுதினாய், இந்தமுறை மூன்று பந்தியாகப் பிரித்திருக்கிறாய்" என்பது பிள்ளைக்கு வழி காட்டும்.

இருக்கைகளை மாற்றுங்கள். புள்ளி கூடியவர் முன் வாங்கில், குறைந்தவர் பின் வாங்கில் என்ற ஒழுங்கு, யார் எங்கே நிற்கிறார் என்பதை நாள்தோறும் ஐந்தாறு மணிநேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பரிகாரக் கற்பித்தலைத் தண்டனையாக்காதீர்கள். விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்டு, "படிக்காத ஆட்கள்" என்று கூப்பிட்டு இருத்தும் வகுப்பில் எந்தப் பிள்ளையும் மனம் வைத்துப் படிக்காது.

பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளை எல்லோர் முன்னும் வாசிக்காதீர்கள். தாயோ தகப்பனோ அங்கே படும் வெட்கம் அன்றிரவு பிள்ளையின்மேல்தான் இறங்கும்.

வீட்டுக்கும் பங்குண்டு

பெற்றோரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவு வீடு திரும்பும் தகப்பனுக்கும், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து டியூஷன் காசு கட்டும் தாய்க்கும் பிள்ளையின் படிப்புத்தான் இருக்கும் ஒரே சொத்து. அதனால்தான் அவர்களுக்குப் பயமும் அதிகம். அந்தப் பயத்தில் "அண்ணாவைப் பார், உனக்கு மட்டும் ஏன் மண்டையில் ஏறுதில்லை?" என்ற சொல் வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். கொப்பியை விரித்து, பிழைத்த ஒரு கணக்கைக் காட்டி, "இதை எனக்கு விளங்கப்படுத்து" என்று கேட்கலாம். தாய்க்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே எங்கே தடுக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனப்பாங்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அரசும் கல்வித் திணைக்களமும் கையைக் கழுவக் கூடாது. தமிழ்மொழிமூலத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எந்த மனப்பாங்கும் அட்சரகணிதத்தைக் கற்றுத்தராது. கங்கையைக் கடந்து நாளும் பாடசாலைக்குப் போய்வரும் ஹெந்தளைப் பிள்ளைக்குக் களைப்பு இருக்கும், அது சோம்பல் ஆகாது. நெரிசலான வகுப்பு, ஆசிரியர் வெற்றிடம், பயண தூரம், இவற்றைக் குறைப்பது அரசின் கடமை. வளர்ச்சி மனப்பாங்கு பிள்ளையிடம் மட்டும் எதிர்பார்க்கும் குணமல்ல. தான் நடத்தும் பாடசாலைகள் மேம்படும் என்று நம்பி அதற்காகச் செலவழிக்கும் அரசுக்கும் அது வேண்டும்.

மாறாது என்று எழுதிய தீர்ப்பு மாறியதை இந்த ஊர் கண்டிருக்கிறது. ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கான மருத்துவமனையை அமைத்தது ஹெந்தளையில்தான். உள்ளே போனவருக்கு வெளியே வாழ்க்கை இல்லை என்பதே பல தலைமுறைகளின் நம்பிக்கை. இன்று அது கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகும் நோய். அன்றைய தீர்ப்பு மனிதரின் இயல்பைச் சொல்லவில்லை, அன்றைய அறிவின் எல்லையைத்தான் சொன்னது. ஒரு பிள்ளையைப் பார்த்து "இதுக்கு மேல ஏறாது" என்று நாம் சொல்லும்போதும் நமது கற்பித்தலின் எல்லையைத்தான் சொல்கிறோம்.

ஆகவே அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் கொடுக்கும் கிழமையில், ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பாடவேளையைத் திருத்தத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். பிள்ளைகள் தம் பிழைகளைத் தாமே தேடட்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசித் திருத்தட்டும், திருத்தியதற்கும் புள்ளி பெறட்டும். இதற்குச் சுற்றறிக்கை வேண்டாம், காசும் வேண்டாம். பெற்றோர் அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், புள்ளியைப் பிறகு பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு முடிவுரை எழுதும் உரிமை எந்தப் பரீட்சைக்கும் இல்லை, நமக்கும் இல்லை.